ஐப்பசி மழைக்குப் பிறகு நாயுடன் மலையடிவார நடை: மதுரையைச் சுற்றி எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது?

பொன்மேனிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு வயதான சிப்பிப்பாறை இனப் பெட்டை நாய் ஒன்று வளர்கிறது. அடுக்ககத்தில் குடியிருப்பதால் காலையும் மாலையும் தெருவில் நடத்திக் கூட்டி வருவதோடு அதன் ஓட்டம் முடிந்துவிடுகிறது; தெருநாய்கள் கூட்டமாக வந்து மறித்துக்கொள்ளும் நாள்களில் அதுவும் பாதியில் நின்றுபோகிறது. மழை பெய்து வெயில் தணிந்திருக்கும் இந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மலையும் மரமும் உள்ள இடமாகப் பார்த்து அதைக் கூட்டிப் போகலாம் என்று எண்ணுகிறேன். கீழக்குயில்குடி சமணர் மலை, அழகர்மலை, அரிட்டாபட்டி, இடையபட்டி வெள்ளிமலைக் காடு, சிறுமலை ஆகியவை மனத்தில் உள்ளன. இவற்றில் எங்கே நாயுடன் போகலாம், கயிற்றை அவிழ்த்து ஓட விடலாமா, கடி, நோய் ஆகியவற்றுக்கு என்ன முன்னேற்பாடு வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கூடவே ஒரு சிறு கேள்வி. வெளிநாட்டுக் காணொளிகளில் சிவந்த சருகுக் குவியல்களில் நாய்கள் புரண்டு விளையாடுவதைப் பார்த்துவிட்டு, நம் ஊரில் அது எந்த மாதத்தில் கிடைக்கும் என்று மகள் கேட்கிறாள். அதற்கும் யாராவது விடை சொன்னால் நல்லது.

வெப்பாலை எழுதியது:

மகளின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றவற்றுக்கான விடையும் அதில் அடங்கியிருக்கிறது. குளிர்நாடுகளில் பகல் குறுகிக் குளிர் ஏறத் தொடங்கும்போது மரங்கள் இலைகளைக் கழிக்கின்றன. நம் கரடுகளில் உள்ள மரங்களோ மண்ணில் ஈரம் வற்றும்போது கழிக்கின்றன. மதுரை வட்டாரத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் விழுகிறது என்பதால், அங்கே மரங்கள் மொட்டையாகும் அதே மாதங்களில் இங்கே உசிலையும் ஆத்தியும் தழைத்து நிற்கும். சருகு வேண்டுமென்றால் தை பிறந்த பிறகு பங்குனி வரை காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த மாதங்களில் சுனைகள் வற்றியிருக்கும், பாறை சுடும், காட்டுத்தீ அச்சத்தில் வனத்துறையினரின் கெடுபிடியும் கூடும். எனவே நாயுடன் நடக்கச் சருகுக் காலத்தை விட இந்தப் பச்சைக் காலமே மேல் என்று மகளிடம் சொல்லுங்கள்.

பச்சைக் காலத்துக்கு உரிய தொல்லைகளும் உண்டு. அவற்றில் முதலாவது ஊசிப்புல். மலைச்சரிவுகளில் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து இந்த மாதங்களில் முற்றும் இந்தப் புல்லின் விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: முனை ஊசி போலக் கூராகவும், அதன் மேல் பின்னோக்கிச் சாய்ந்த மயிர்களுடனும், வால் கறுத்து முறுக்கிய நூல் போலவும் இருக்கும். ஈரம் பட்டால் அந்த முறுக்கு அவிழும், காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். இப்படித் திருகித் திருகி விதை மண்ணுக்குள் இறங்குவதற்காக இயற்கை செய்துவைத்த ஏற்பாடு அது. மண்ணுக்குப் பதிலாக நாயின் விரலிடுக்கோ காதோ அகப்பட்டாலும் அதே வேலையைத்தான் செய்யும், மயிர்கள் பின்னோக்கி இருப்பதால் உள்ளே போகுமே தவிர வெளியே வராது. சிப்பிப்பாறை போன்ற குட்டை மயிர் நாய்க்கு உடம்பில் ஒட்டுவது குறைவு என்றாலும் விரலிடுக்கில் ஏறுவதற்கு மயிர் நீளம் ஒரு தடையில்லை. வீட்டுக்கு வந்ததும் நாய் ஒரே காலை நக்கிக்கொண்டே இருந்தால் அங்கே பாருங்கள்.

அடுத்தது செங்காந்தள். வேலியோரங்களிலும் புதர்களிலும் இப்போது பூத்துக் கிடக்கும் அதன் கிழங்கில் கொல்சிசின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. மழையில் மண் இளகியிருக்கும்போது எலி வளையைத் தோண்டும் பழக்கமுள்ள நாய் அந்தக் கிழங்கையும் கடித்துவிடக் கூடும். பூவைக் கண்டால் அந்தப் பக்கம் நாயைத் தோண்ட விடாதீர்கள். சீமைக்கருவேல முள்ளைப் பற்றி மதுரைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மேலூர் மேற்கு எழுதியது:

அரிட்டாபட்டியைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள் ஐயா. நான் அந்தப் பக்கத்துக்காரன் என்பதால் வெளிப்படையாகச் சொல்கிறேன்.

அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த ஏறத்தாழ 193 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகளும், அவற்றிலிருந்து இறங்கும் நீரால் நிறையும் கண்மாய்களும், சுனைகளும் இங்கே உள்ளன. லகுடு வல்லூறும் ராசாளியும் இந்தப் பாறைகளில் வாழ்கின்றன. அழுங்கும் தேவாங்கும் மலைப்பாம்பும் இருக்கின்றன. டங்ஸ்டன் சுரங்கத்துக்காக இந்தப் பகுதியை ஏலம் விட்டபோது சுற்று வட்டாரம் முழுவதும் தெருவில் இறங்கி நின்றதால்தான் 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. அப்படிக் காப்பாற்றிய இடத்தில் வெளியூர்க்காரர் நாயைக் கொண்டுவந்து அவிழ்த்துவிட்டால் ஊர் சும்மா இருக்காது.

ஊராரின் கோபத்துக்கு இன்னொரு காரணம் ஆடு. மழைக்குப் பின் புல் தழைத்திருப்பதால் குன்றைச் சுற்றிலும் வெள்ளாடும் செம்மறியும் மேயும். ஓடுவதைத் துரத்துவதற்கென்றே பிறந்த நாயினம் உங்களுடையது. சினை ஆடு ஒன்று மிரண்டு பாறையிலிருந்து விழுந்தால் அந்த வீட்டின் ஓராண்டு வருமானம் போயிற்று. நாயை வீட்டில் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு வாருங்கள். பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலையும், சமணர் படுக்கையையும், தமிழி எழுத்துக் கல்வெட்டையும் பார்த்துவிட்டு ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து போங்கள்.

திருமங்கலம் கால்நடை எழுதியது:

கால்நடை மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் நோய், கடி குறித்த கேள்விக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

மழைக்காலத்தில் என்னிடம் வரும் நாய்களில் பெரும்பாலானவை உண்ணிக் காய்ச்சலோடுதான் வருகின்றன. நம் பகுதியில் நாய்களைப் பிடிப்பது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. காட்டில் மட்டும் இருப்பதாக மக்கள் எண்ணுகிறார்கள், உண்மையில் அது நாய்கள் படுக்கும் இடங்களிலும் சுவர் வெடிப்புகளிலும்தான் பெருகுகிறது. ஆகவே மலைக்குப் போகும் வழியில் தேநீர்க் கடையோரம் தெருநாய்கள் படுத்துப் பழகிய நிழலில் உங்கள் நாயையும் கட்டிவைப்பது, புதருக்குள் நடப்பதை விட ஆபத்தானது. உண்ணி கடித்தவுடன் நோய் தெரியாது. எர்லிக்கியா என்னும் கிருமி உள்ளே சென்றால் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் காய்ச்சல், தீனி எடுக்காமை, சோர்வு ஆகியவை தொடங்கும். இரத்தத் தட்டணுக்கள் குறைந்தால் மூக்கிலிருந்து இரத்தம் வடியும். உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பபீசியா என்றால் ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துக் குணப்படுத்தலாம், தாமதம் மட்டும் கூடாது. நடைக்குப் போய் வந்த தேதியைக் குறித்து வைத்துக்கொண்டால் மருத்துவரிடம் சொல்ல உதவும்.

வீடு திரும்பியதும் வெளிச்சத்தில் நிறுத்திக் காது மடலின் உட்புறம், கழுத்துப்பட்டைக்கு அடி, விரலிடுக்கு, அக்குள், வாலடி ஆகிய இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது ஆகியவை வேண்டாம். உண்ணி போகாது, நாயின் தோல்தான் புண்ணாகும். கையால் நசுக்கவும் வேண்டாம்.

இரண்டாவது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரிலிருந்து இது நாய்க்கும் வரும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். பல நோய்களுக்கும் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசி போட்டாயிற்று என்று பலர் சொல்வார்கள். ஆனால் எல்லாக் கூட்டுத் தடுப்பூசிகளிலும் எலிக்காய்ச்சலுக்கான மருந்து சேர்ந்திருப்பதில்லை. தடுப்பூசி அட்டையைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, குட்டையில் நாயைக் குடிக்க விடாமல் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையிருக்காது.

மூன்றாவது பாம்பு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் நம் வட்டாரத்தில் உள்ளன. மனிதருக்குக் காலில் கடி விழும். முகர்ந்துகொண்டே போகும் நாய்க்கு மூக்கிலும் முகத்திலும் முன்னங்காலிலும் விழும். நாய்க்கென்று தனி மருந்து இல்லை. மனிதருக்குப் போடும் அதே நச்சுமுறி மருந்துதான், அந்த ஒரே மருந்து இந்த நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் வேலை செய்யும். நாய் சிறியது என்பதற்காக அளவைக் குறைக்கவும் முடியாது, ஏனென்றால் பாம்பு இறக்கிய நஞ்சின் அளவுக்குத்தான் மருந்து. கடிவாயைக் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதையும் செய்யாமல் நாயை நடக்க விடாது தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கடிபட்டு வந்த நாய்களில் பிழைத்தவற்றுக்கும் பிழைக்காதவற்றுக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் நேரம்தான் என்பது என் அனுபவம். எந்தக் கால்நடை மருத்துவமனையில் நச்சுமுறி மருந்து இருப்பில் உள்ளது, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்பதைக் கிளம்புவதற்கு முதல்நாளே தொலைபேசியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் நின்றுகொண்டு தேடக் கூடாது.

கடைசியாக வெப்பம். மழைக்காலம்தானே என்ற எண்ணத்தில் பத்து மணிக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. நாய் வியர்த்துக் குளிர்வதில்லை, இரைத்துக் குளிர்கிறது. காற்றில் ஈரப்பதம் கூடியிருக்கும் நாளில் இரைப்பதன் பயன் குறைந்துவிடும். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடிக்கும் ஐப்பசிப் பகல் அப்படிப்பட்டதுதான். விடியும்போது தொடங்கி எட்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

உசிலைக் கரட்டான் எழுதியது:

எல்லோரும் சேர்ந்து அந்த நாயை வீட்டுக்குள்ளேயே கட்டிப்போடச் சொல்வது போல இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் சிப்பிப்பாறையும் கன்னி இன நாயும் வளர்க்கிறோம். நீண்ட கால், ஒடுங்கிய இடுப்பு, ஆழமான மார்பு, இவை எல்லாம் பாய்ந்து ஓடுவதற்காக அமைந்தவை. அந்த உடம்பைக் கயிற்றில் கட்டி மனித வேகத்தில் நடத்துவதை நடை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம், நாய் அப்படி எண்ணாது. ஓட்டம் கிடைக்காத சிப்பிப்பாறை வீட்டில் கதவைப் பிறாண்டும், இளைக்கும், ஆளைக் கண்டால் மிரளும். பிறகு இந்த இனமே வீட்டுக்கு ஆகாது என்று கொண்டுபோய் எங்காவது விட்டுவிடுவார்கள். மதுரைத் தெருக்களில் அப்படி விடப்பட்ட நாய்களை நான் பார்க்கிறேன். வாரத்தில் ஒரு நாளாவது அவிழ்த்து விட்டு முழு வேகத்தில் ஓட விடுங்கள். மலையடிவாரப் பொட்டல் அதற்கு ஏற்ற இடம்.

ஆறுமணிக்குருவி எழுதியது:

உசிலைக் கரட்டான் அண்ணனின் நாயறிவை மதிக்கிறேன், ஆனால் மலையடிவாரத்தில் அவிழ்த்துவிடச் சொல்வதை ஏற்க முடியவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதன் வரையறை கொல்வதோடு நிற்பதில்லை. காட்டுயிரைத் துரத்துவதும் விரட்டுவதும் அதற்கான முயற்சியும் அதில் அடங்கும். உங்கள் நாய் முயலைப் பிடிக்காமல் வெறுமனே துரத்தினாலும், மயிலை விரட்டினாலும், வனக்காவலர் கண்ணில் அது வேட்டைதான், அதிலும் வேட்டைக்குப் பேர் போன இனத்தை வைத்துக்கொண்டு நிற்கும்போது விளையாட்டுக்கு விட்டேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? காப்புக்காட்டு எல்லைக்குள் அனுமதியின்றி நுழைவதே 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம் என்பது வேறு.

சட்டத்தை விட்டுவிட்டுக் காட்டைப் பாருங்கள். என் புனைபெயருக்குரிய பறவை வடக்கே இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவுகளில் பறந்து அக்டோபர், நவம்பரில் நம் பக்கம் வந்து சேர்கிறது. வந்த களைப்பில் நகரத்து வீட்டு முற்றங்களில்கூட விழுந்து கிடக்கும். காட்டில் அது தரையில்தான் இரை தேடும்: ஈரச் சருகைப் புரட்டி, ஒரு தத்து தத்தி நின்று, மறுபடி புரட்டும். பச்சை முதுகும் வயிற்றடியில் சிவப்பும் கொண்ட அந்தப் பறவை மரநிழலில் இருப்பதே தெரியாது. மோப்பம் பிடித்துப் புதருக்குள் நுழையும் நாய்க்குத் தெரிந்துவிடும். கௌதாரிக்கும் காடைக்கும் இதே நிலைதான். நாய் எதையும் பிடிக்காமல் திரும்பி வரலாம், ஆனால் நெடுந்தொலைவு பறந்து வந்த பறவைக்கு அந்தக் காலை இரை போயிருக்கும்.

நோயும் இருவழிப் பாதை. மருத்துவர் ஐயா காட்டிலிருந்து நாய்க்கு வருவதை எழுதினார். நாயிடமிருந்து காட்டுக்குப் போவதும் உண்டு. 2018இல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோது, அவற்றில் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது கண்டறியப்பட்டது. நம் குன்றுகளில் சிங்கம் இல்லைதான், நரியும் மரநாயும் உண்டு. தடுப்பூசி போடாத நாயை மலைப்பக்கம் கொண்டுபோகவே கூடாது என்பதற்கு இதுவும் காரணம்.

உசிலைக் கரட்டான் எழுதியது:

தம்பி சொல்வதில் காப்புக்காட்டைப் பற்றிய பகுதியை ஒப்புக்கொள்கிறேன். காட்டுக்குள் விடச் சொல்லி நானும் எழுதவில்லை, பொட்டலில் விடச் சொன்னேன். ஆனால் பொட்டலுக்கும் காட்டுக்கும் நடுவே வேலி இல்லை, முயல் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் நாயும் போகும் என்பதும் உண்மை. கண்பார்வையால் இரையைத் துரத்தும் இந்த இனம் ஓடத் தொடங்கிவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது. இதை வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் அஞ்சுவது வனக்காவலருக்கு அல்ல, வேறு இரண்டு பொருள்களுக்கு. ஒன்று தரைக்கிணறு. மலையடிவாரப் புன்செய்களில் சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறுகள் ஏராளம். மழைக்குப் பின் விளிம்பில் புல்லும் கொடியும் படர்ந்து, பத்தடி தூரத்தில் நின்றாலும் கிணறு இருப்பது தெரியாது. முயலுக்குத் தெரியும், அது ஒதுங்கி ஓடிவிடும். பின்னால் பாய்ந்து வரும் நாய் நேராக உள்ளே போகும். இரண்டாவது அவுட்டுக்காய். கடலையும் மக்காச்சோளமும் போட்டிருக்கும் இந்த மாதங்களில் காட்டுப்பன்றிக்காக வெடிமருந்தைத் தீனிக்குள் பொதிந்து வரப்பில் வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சட்டப்படி குற்றம்தான், ஆனாலும் வைக்கிறார்கள். நாய் கடித்தால் தாடை இருக்காது. சுருக்குக் கம்பியும் அப்படித்தான். ஆகவே புதிய இடத்தில் நாயை அவிழ்ப்பதற்கு முன் அந்த ஊர் ஆடு மேய்ப்பவர் ஒருவரிடம் விசாரிக்காமல் நானே அவிழ்ப்பதில்லை.

ஆனால் ஓட்டமே வேண்டாம் என்பதற்கு நான் உடன்படவில்லை. வேலி போட்ட இடம் பாருங்கள்.

நத்தம் சாலை எழுதியது:

வேலி போட்ட இடம் என்றதும் எழுதத் தோன்றியது. அழகர்கோவிலுக்கு வடக்கே நத்தம் வரை சாலையின் இரு பக்கமும் மாந்தோப்புகள்தான். எங்கள் தோப்பும் அவற்றில் ஒன்று. காய்ப்பு சித்திரை, வைகாசியில் முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் உழவும் உரமும் தவிரப் பெரிய வேலை இருக்காது, குத்தகைக்காரர்களின் காவலும் இராது. ஓரளவு பெரிய தோப்புகளுக்குக் கம்பி வேலியும் உள்ளது. உரிமையாளரிடம் முறையாகக் கேட்டு, நாய்க்குத் தடுப்பூசி போட்டிருப்பதைக் காட்டி, ஒரு காலைப்பொழுதுக்கு உள்ளே விடும்படி கேட்டால் பலர் மறுக்கமாட்டார்கள். எங்களிடம் இரண்டு குடும்பங்கள் அப்படி வருகின்றன. பின்புறத்தில் அழகர்மலைத் தொடர் தெரியும், காலடியில் மாஞ்சருகும் கிடைக்கும் (சிவப்பு நிறம் இராது, மகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்).

முதலில் நாயைக் கயிற்றில் பிடித்தபடியே வேலியோரமாக ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். வேலியில் ஓட்டை, கிணறு, மோட்டார்க் கொட்டகை, எலிக்கு வைத்த மருந்து ஆகியவை எங்கே என்று தோப்புக்காரரே காட்டுவார். பிறகு அவிழ்க்கலாம். மரத்தடியில் சிதறிக் கிடக்கும் பழைய மாங்கொட்டைகளை நாய் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குடலை அடைத்துக்கொள்ளும்.

பொன்மேனிவாசி எழுதியது:

இத்தனை விரிவான விடைகளை எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. அரிட்டாபட்டியை விட்டுவிடுகிறேன். ஓட்டத்துக்குத் தோப்பு என்பது பொருத்தமாகத் தோன்றுகிறது. நடைக்கு என் வீட்டிலிருந்து அருகில் இருப்பது கீழக்குயில்குடி. அங்கே அடிவாரத்தில் கயிற்றோடு நடப்பதற்குத் தடை உண்டா? அழகர்மலைச் சாலை, வெள்ளிமலை, சிறுமலை குறித்தும் யாராவது ஒரு வரி எழுதினால் போதும். எந்த வகைக் கயிறு வாங்குவது என்றும் சொல்லுங்கள்.

வெப்பாலை எழுதியது:

கீழக்குயில்குடியில் மலைக்கு மேலே நாய் வேண்டாம். செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் உள்ள சமணச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை, படிகளும் வழுக்கும். அடிவாரத்தில் அய்யனார் கோயிலுக்கும் தாமரைக் குளத்துக்கும் அப்பால் மலையைச் சுற்றிச் செல்லும் மண்பாதை இருக்கிறது, காலையில் பலர் நடக்கிறார்கள். கருப்பசாமிக்கு வேட்டைநாய் உண்டு என்பதால் நம் நாயையும் கோயில் ஆலமரத்தடிக்கு விடுவார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கோயில் பக்கத்தைச் சுற்றிக்கொண்டு போங்கள். குட்டையான கயிற்றோடு போனால் ஊரார் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கழிவை அள்ள உறை கொண்டுபோங்கள், இதை நம் ஊரில் யாருமே செய்வதில்லை.

வெள்ளிமலை கோவில்காடு. அங்கே ஒரு குச்சியைக்கூட ஒடிக்காமல் உசிலை மரங்களைக் காத்துவரும் மக்களின் நம்பிக்கைக்குரிய இடத்தில் நாயோடு நுழைவது முறையாகாது. அழகர்மலையில் பழமுதிர்சோலைக்கும் நூபுர கங்கைக்கும் ஏறும் சாலையின் இரு பக்கமும் காப்புக்காடு, சாலையிலோ குரங்குக் கூட்டம். கையில் பை இருந்தாலே பறிக்கும் குரங்குகள் நாயைக் கண்டால் என்ன செய்யும் என்று சோதித்துப் பார்க்க வேண்டாம். சிறுமலையில் காட்டுமாடு உண்டு. நாய் குரைத்துச் சீண்டிவிட்டுப் பயந்து உரிமையாளரிடம்தான் ஓடி வரும், பின்னாலேயே காட்டுமாடும் வரும்.

உசிலைக் கரட்டான் எழுதியது:

கயிற்றைப் பற்றி நான் சொல்கிறேன். சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுங்கியது, கழுத்து அதை விடப் பருத்தது. கடையில் விற்கும் சாதாரணக் கழுத்துப்பட்டையைப் பின்னோக்கி இழுத்தால் உருவிக்கொண்டு போய்விடும். இழுக்கும்போது ஓரளவுக்கு மட்டும் இறுகும் அகலமான பட்டை வாங்குங்கள், அல்லது மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். திறந்த வெளியில் பத்து மீட்டர் நீளக் கயிறு போட்டால் நாய்க்கு ஓரளவு விடுதலை கிடைக்கும், ஆனால் நீளக் கயிற்றைக் கழுத்தில் மாட்டக் கூடாது. முழு வேகத்தில் ஓடிக் கயிறு தீரும்போது கழுத்து முறிந்துவிடும். ஹார்னஸில்தான் மாட்ட வேண்டும், கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. சங்கிலி வேண்டவே வேண்டாம், இந்த இனத்தின் தோல் மெல்லியது.

திருமங்கலம் கால்நடை எழுதியது:

தோலைப் பற்றிச் சொன்னது சரியானது. முள்ளில் கிழிந்தால் சிப்பிப்பாறைக்குத் தாள் கிழிவது போல நீளமாகக் கிழியும், பலமுறை தைத்திருக்கிறேன். ஒரு சுத்தமான பருத்தித் துணியும், துணிக்கட்டு ஒன்றும், சாமணமும், தண்ணீரும் பையில் இருக்கட்டும். மஞ்சள்தூள் போட்டுக் கட்டிக்கொண்டு வராதீர்கள், தைப்பதற்கு முன் அதைக் கழுவி எடுப்பதே பெரும்பாடு.

மாந்தோப்பு யோசனை எனக்கும் பிடித்திருக்கிறது, ஒரு கேள்வி மட்டும். தோப்பில் பூச்சிமருந்து தெளிப்பது எந்த மாதத்தில்?

நத்தம் சாலை எழுதியது:

நல்ல கேள்வி ஐயா. மார்கழிக் கடைசியில் பூவெடுக்கத் தொடங்கியதும் தத்துப்பூச்சிக்கு முதல் தெளிப்பு அடிப்போம், பிஞ்சு பிடிக்கும் வரை இடைவெளி விட்டு மறுபடியும் அடிப்போம். தோப்புக்குத் தோப்பு இது மாறும். பூங்கொத்து தலைகாட்டிய தோப்பில் நாயை விட வேண்டாம், புல்லில் படிந்த மருந்தை அது நக்கிவிடும். கார்த்திகை தீபம் முடியும் வரை தைரியமாக வரலாம். அதற்குப் பிறகு வருவதானால் முதல்நாள் தோப்புக்காரருக்குத் தொலைபேசி செய்து, கடைசியாக எப்போது தெளித்தார் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.